காவேரியில் உப்புக் கலந்தவர்

புதுச் செருப்பு வாங்கினால் நாமெல்லாம் கடையிலேயே காலில் மாட்டிக்கொண்டு பழையதைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவோம். அவர் அப்படிச் செய்ய மாட்டார். பழைய செருப்பிலேயே ஆபீசுக்கு வருவார். புதியதை மேஜைக்கு அடியில் வைத்திருந்து, முதல் நாள் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் என்று போட்டுப் பழகுவார். அது தெருவைப் பார்க்க ஒரு மாதம் ஆகும். கைக்கடிகாரம் தாமதமாக ஓடினால் ஒரேயடியாகத் திருப்ப மாட்டார். தினம் ஒரு நிமிஷமாகத் தள்ளிச் சரிக்கட்டுவார். அதற்குள் ரயில் போய்விடுமே என்று கேலி செய்தால், அடுத்த ரயில் இல்லையா என்பார். இப்படி ஒரு மனிதரை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வயதிலும் அதை வாய்விட்டுச் சொன்னால் என் குரல் மாறிவிடுகிறது. வீட்டில் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு.

அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் லேபில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தேன். சொந்த ஊர் நாகப்பட்டினம், கத்தோலிக்கக் குடும்பம். கன்னியர் நடத்திய விடுதியில் ஜாகை. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் மதிலை ஒட்டிய வீதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் வைஷ்ணவக் குடும்பம். அண்ணன்மார் எல்லாரும் பெருமாள் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் விலங்கியல் படித்து, கொள்ளிடக் கரையில் இருந்த சர்க்கார் மீன் பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். பிறந்தது முதல் ஒரு மீனை நாக்கில் வைத்திராதவர், நாள் முழுக்க ஆற்று இறால் வளர்த்தார். சாயங்காலம் கொள்ளிடத்தில் முழுக்குப் போட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறுவார். பிள்ளைக்குக் காவேரித் தீர்த்தத்தைப் பரிசோதிக்கும் உத்தியோகம் என்று அவருடைய அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்ணீரைத் தவிர அவர் வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

பண்ணையில் நல்ல மைக்ராஸ்கோப் கிடையாது. எங்கள் லேபில் இருந்தது. தலைமைக் கன்னியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் கண்ணாடிப் புட்டிகளோடு வருவார். லேபைத் திறந்து கொடுத்து, அவர் போகும்வரை கூட இருப்பது என் வேலை. முதலில் அது எனக்குத் தண்டனையாகத்தான் பட்டது. சனிக்கிழமை மத்தியானம் மற்றப் பெண்களெல்லாம் தெப்பக்குளம் பக்கம் கடைக்குப் போவார்கள். நான் மட்டும் ஒருவர் தண்ணீரைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு எப்போது வாரம் முழுவதும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒருமுறை மாணவிகளைப் பண்ணைக்கு அழைத்துப் போயிருந்தேன். மேகம் மூடிய காலைப்பொழுது. குளத்தின் ஓரத்தில் இறால்கள் வந்து ஒதுங்கிக் கிடந்தன. பெண்கள் கையால் பிடிக்கலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். அவர் முகம் வாடிவிட்டது. இறால் கரைக்கு வந்தால் தண்ணீரில் மூச்சுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம் என்றார். பகலில் வெயில் பட்டால் பாசி காற்றைக் கொடுக்கும். இருட்டில் அதே பாசி காற்றைத் தின்னும். மூட்டமான நாள்களில் விடிகிற நேரம்தான் கண்டம் என்று விளக்கிக்கொண்டே வாய்க்கால் மடையைத் திறக்கச் சொன்னார். அதையும் முழுசாகத் திறக்க விடவில்லை. விரற்கடை அளவு திறந்து, கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். நான் விடவில்லை.

இறால் எப்படி வளர்கிறது என்று அன்றைக்குச் சொன்னார். நம்மைப் போல நாளுக்கு நாள் வளர்வதில்லை. மேலோடு இறுகியபடி இருக்கும்வரை உடம்புக்கு இடமில்லை. ஓட்டைக் கழற்றிப் போட்டு, மேல் தோல் மெத்தென்று இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஒரு சுற்றுப் பெருக்கும். அப்போது அதனால் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. தண்ணீர் சரியாக இருந்தால், சுண்ணாம்புச் சத்து போதுமானால், புது ஓடு சீக்கிரம் இறுகிப் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் கெட்டால் மெத்தென்றே கிடந்து மற்ற இறாலுக்கு இரையாகும்.

"தீனி எல்லாம் அப்புறம்" என்றார். "தண்ணி மாறினா உசிர் மிரண்டு போயிடும். மிரண்டது வளராது."

அதனால்தான் குஞ்சுகளைக் குளத்தில் விடும்போது பானையோடு குளத்தில் மிதக்க விடுவார். பானைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, குளத்துத் தண்ணீரை உள்ளங்கையால் அள்ளி அள்ளிப் பானையில் விடுவார். காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு போய்விடும். கடைசியில் பானையைச் சாய்த்து வைப்பார், கவிழ்க்க மாட்டார். குஞ்சுகள் தாமாக வெளியே போக வேண்டும்.

இத்தனை பொறுமைக்காரருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். காவேரித் தண்ணீருக்கு மிஞ்சி உலகத்தில் தண்ணீர் கிடையாது என்பார். ஸ்ரீரங்கத்தில் பிறந்த எல்லாருக்கும் அந்தத் திமிர் உண்டு, அவருக்குக் கொஞ்சம் கூடுதல். வெளியூர் போனால் கூஜாவில் காவேரி கூடவே போகும். நான் உப்புக் கிணற்று ஊர்க்காரி என்பதால், பாவம், குழந்தையிலிருந்து நல்ல தண்ணீரே பார்த்ததில்லை என்று என்மேல் உண்மையாகவே இரக்கப்படுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் திமிரில்தான் அவருடைய கஷ்டமும் இருந்தது. முக்கொம்பு மதகுகளுக்குக் கீழே, தண்ணீர் வடியும் காலத்தில், சின்னஞ்சிறு இறால்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். அவற்றைப் பிடித்து வந்து குளத்தில் விட்டால் நன்றாக வளர்ந்தன. ஆனால் பண்ணையிலேயே வயிற்றில் முட்டையோடு இருக்கும் தாய் இறாலைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தால், அத்தனையும் செத்துப்போயின. தாயிடமிருந்து பிரிந்து, வாலை மேலே தூக்கித் தலைகீழாக நீந்தும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். சில நாளில் அடியில் வெள்ளைத் தூசியாகப் படிந்துவிடும். வருஷா வருஷம் வெள்ளக் காலத்தில் இதே கதை. தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று முடிவுகட்டினார். நடு ஆற்றுக்குப் பரிசலில் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மணலில் வடிகட்டினார், கரியில் வடிகட்டினார், காய்ச்சி ஆற வைத்தார். தண்ணீர் சுத்தமாக ஆக ஆகக் குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் செத்தன. சனிக்கிழமை வந்து மைக்ராஸ்கோப்பில் அந்தச் செத்த தூசியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போய்த் தோளில் கை வைக்க வேண்டும் போல இருக்கும். அந்தக் காலத்தில் அதெல்லாம் நினைத்துப் பார்ப்பதோடு சரி.

எங்கள் ஊர்ப் பக்கம், வெள்ளம் வடிந்து ஆறு கடலில் சேருகிற இடத்தில், வயிறு நிறைய முட்டையோடு பெரிய பெரிய ஆற்று இறால்கள் வலையில் விழும். சின்ன வயதில் நான் அதைச் சாப்பிட்டே வளர்ந்தவள். ஒருநாள் இதைச் சொன்னேன். ஆற்றில் இருக்கிற இறால் முட்டையைச் சுமந்துகொண்டு எதற்கு உப்பைத் தேடி வருகிறது, குஞ்சு ஏன் கீழேயிருந்து மேலே ஏறி வருகிறது என்று கேட்டேன். கொஞ்சம் கடல் தண்ணீர் கலந்து பார்த்தால் என்ன?

கோபம் வராதவருக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. "காவேரில உப்பைப் போடச் சொல்றேளா?" என்றார். புட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. லேபைத் திறந்து வைத்துக்கொண்டு, சும்மா கிடந்த மைக்ராஸ்கோப்பைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். தண்ணீரைப் பற்றி வாய் திறந்திருக்கவே வேண்டாம் என்று அழுகையாக வந்தது.

அவருக்கு அந்த யோசனை பழக ஒரு வருஷம் பிடித்தது. பழையபடி சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார், ஆனால் உப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறு வருஷம் ஆவணியில், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நான் ஊருக்குக் கிளம்புமுன், பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"கடல் தண்ணி கொண்டு வர முடியுமா?" என்றார். பிறகு ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டே, "இந்தத் தடவை குஞ்சு பொழைச்சுடுத்துன்னா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"இப்பவே கேளுங்களேன்."

"இல்லை. இது நடக்கட்டும். அப்பதான் எனக்குத் தைரியம் வரும்."

என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஜாடியை மடியில் வைத்து நாகப்பட்டினத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திருச்சிவரை வந்தேன். வண்டி முழுக்கத் திருவிழாக் கூட்டம். எதிரே இருந்த ஒரு பாட்டியம்மா ஜாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். அது மாதா கோயில் தீர்த்தம் என்று நினைத்துக்கொண்டார். மருமகளுக்குக் குழந்தையில்லை, ஒரு சொட்டுக் கொடு தாயி என்று கையை நீட்டினார். வெறும் கடல் தண்ணீர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன். அதைக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, ஆனால் எனக்கும் அதில் ஒரு வேண்டுதல் இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

அவர் அதைக் கலந்த விதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக. பகல் முழுக்க அந்தத் தொட்டிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து. முதல் கரண்டி ஊற்றுமுன் கண்ணை மூடிக் கும்பிட்டார் என்று பண்ணைக் காவல்காரர் பிறகு சொன்னார். காவேரியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

குஞ்சுகள் செத்துப்போகிற நாள் வந்தது, போனது. சாகவில்லை. தீனிக்கு வேகவைத்த மஞ்சள் கரு வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கோழி முட்டையை அவர் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குத் தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் வாரா வாரம் ஒரு ஜாடி கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா, கல்லூரிக்கு என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். தலைகீழாக நீந்தினவை ஓடு கழற்றி ஓடு கழற்றி, ஒருநாள் நேராகத் திரும்பித் தரையில் நடந்தன. அதில் ஒன்றை லேபுக்குக் கொண்டுவந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும்தான்" என்றேன். "எத்தனையோ நாளா."

தனியாக நாகப்பட்டினம் போய் அப்பாவைப் பார்த்தார். தொட்டியம் வாழைத்தார் ஒன்றைச் சுமந்துகொண்டு போனாராம். கூஜா எடுத்துப் போகவில்லை. எங்கள் வீட்டு உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாராம். அம்மா இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா மரியாதையாகப் பேசினார். பெண்ணுக்குக் கோயிலில்தான் கல்யாணம், அதற்கு மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

திரும்பி வந்து லேப் வராந்தாவில் நின்று என்னிடம் சொன்னார்.

"உங்கப்பா கேட்டது நியாயம்தான். முடியாதுன்னு சொல்லிட்டு வரலை. ஆனா ஒரே நாள்ல என்னால முடியாது. வாய் வார்த்தையா வாங்கிண்டா உங்க சாமியையும் ஏமாத்தறது, என் பெருமாளையும் ஏமாத்தறது. மனசார வரணும். எனக்கு டைம் கொடுப்பேளா?"

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்த வருஷமே அவருக்கு மாற்றல் வந்தது. குஞ்சு பிழைத்த செய்தி மேலே போனது. உப்புத் தண்ணீர் தேவைப்படுகிற வேலைக்குத் திருச்சி எதற்கு என்று, ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு நிலையம் போட்டு அவரை அங்கே அனுப்பிவிட்டார்கள். நான் சுமந்து வந்த தண்ணீரே அவரை என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டது. விடுதிக்கு வரும் கடிதங்களையும் அங்கிருந்து போகும் கடிதங்களையும் தலைமைக் கன்னியர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அதனால் எழுதப் போவதில்லை, மனசு தயாரானதும் நேரில் வந்து சொல்கிறேன் என்றார்.

காத்திருந்தேன். ஒரு ஆடிப்பெருக்கு போனது, இன்னொன்றும் போனது. ஸ்ரீரங்கம் பஸ் பாலத்தில் போகும்போதெல்லாம் எழுந்து நின்று தண்ணீரைப் பார்ப்பேன். வெள்ளம் வந்தால், இந்தத் தண்ணீர் நாலைந்து நாளில் அவர் இருக்கிற பக்கம் போகும் என்று தோன்றும். சனிக்கிழமை மத்தியானங்களில் நான் கடைக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. லேபைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

பிறகு அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு தங்கை. அக்கா நிற்கும்போது தங்கைக்குப் பண்ண முடியாது. அம்மா திருச்சிக்கு வந்து, விடுதிப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, வரணும்னா இந்நேரம் வந்திருக்க மாட்டாரா என்று கேட்டார். அவரால் முடியவில்லை, முடியவில்லை என்று சொல்ல வர அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். பொன்மலையில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். நல்ல மனிதர். கடைசிவரை என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

கல்யாணமான அந்தக் குளிர்காலத்தில் கல்லூரியில் மாணவிகளைக் கடலோரம் சுற்றுலா அழைத்துப் போனார்கள். அந்த நிலையமும் பட்டியலில் இருந்தது. நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆசை.

நாங்கள் போனபோது அவர் படகில் முகத்துவாரத்துக்குப் போயிருந்தார். தொட்டி கழுவும் அம்மாள் ஒருத்தி எங்களுக்குச் சுற்றிக் காட்டினாள். என் கழுத்துத் தாலியில் சிலுவையைப் பார்த்துவிட்டு, நீங்களும் வேதக்காரங்களாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு என்னிடம் பேச்சு வந்துவிட்டது.

"எங்க சார் ஐயரு வூட்டுப் பிள்ளைம்மா. ஆனா ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்துடுவாரு. வந்த வருசம் எதுத்தாப்ல கடையோரமா நின்னே பாத்துட்டுப் போவாரு. அப்புறம் கொடிமரத்துக்கிட்ட. அப்புறம் வாசப்படி. யாரும் கூப்பிடல, அவரா வந்தாரு. இந்தக் கிறிஸ்மசுக்குத்தான் உள்ள வந்து கடைசி பெஞ்சில உக்காந்தாரு."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வர்ற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். செபமெல்லாம் பாடம் பண்ணிட்டாரு. முடிச்சதும் திருச்சிக்குப் போயி பொண்ணு கேக்கணும்னு சாமியார்கிட்ட சொல்லியிருக்காராம்."

படகு கரை தட்டுகிற சத்தம் கேட்டது. மாணவிகள் அந்தப் பக்கம் ஓடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் புட்டிகளோடு அவர் மணலில் ஏறி வருவது தெரிந்தது. வெயிலில் கறுத்திருந்தார். என் கை தானாகப் போய்த் தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டது. அவர் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்தார். புட்டிகளை அப்படியே மணலில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். வாழ்க்கையில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"வந்துட்டேளா" என்றார்.

முகமெல்லாம் சிரிப்பு. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சேலைக்குள் கை விட்டுத் தாலியை வெளியே எடுத்துப் போட்டேன்.